சர்வர் யார் கையில்? பழைய ஆன்லைன் கேம்ஸும் புதிய ஆன்லைன் கேம்ஸும்

ஆன்லைன் கேம்ஸ் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், "அந்தக் காலத்து கேம் மாதிரி இப்போ வருமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். நான் வேலை பார்க்கும் ஆபீஸில் மதிய சாப்பாட்டு நேரத்தில் வாரம் ஒரு முறையாவது இந்தப் பெருமூச்சைக் கேட்கலாம். பெருமூச்சு விடுபவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை. எனக்கும்தான்!

அந்தக் கேம்களை இன்று ஓட்டிப் பார்த்தால் படம் கண்ணில் குத்துகிறது. ஆட்களின் கை தீப்பெட்டி போல இருக்கும். சுவரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்று சாதாரண மொபைல் போனில் ஓடும் கேம் கூட அதைவிட அழகாக இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த ஏக்கம் ஏன்? பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற தேன்மிட்டாயின் ருசி வேறு எதிலும் வராதது போல, இதுவும் வயது செய்யும் வேலைதானா?

பாதி அப்படித்தான். மீதிப் பாதிக்கு டெக்னிக்கலான காரணம் ஒன்று இருக்கிறது. கேம் விளையாடுபவர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து கேம் வாங்கித் தரும் பெற்றோரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. கேமை நடத்தும் சர்வர் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அந்தக் காரணம்.

சர்வரும் சேர்ந்தே வந்தது

எந்த மல்டிபிளேயர் கேமுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடி, படம் காட்டி, நீங்கள் அழுத்தும் கீயை வாங்கிக்கொள்ளும் பகுதி கிளையன்ட். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது என்று பஞ்சாயத்து செய்யும் பகுதி சர்வர். சர்வர் சொல்வதே தீர்ப்பு.

1996-ல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் குவேக் என்ற கேமை வெளியிட்டது. அதை வாங்கியவருக்கு சர்வரை நடத்தும் வசதியும் கூடவே கிடைத்தது. யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் சர்வரை ஓட்டலாம், நண்பர்கள் அந்த கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைக் கொடுத்து உள்ளே வரலாம். அப்போது எல்லோரிடமும் இருந்தது டயல் அப் மோடம். கீயை அழுத்தி, தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்து, ஆள் நகர்வதற்குள் பொறுமை போய்விடும். அதே ஆண்டின் கடைசியில் ஜான் கார்மாக் குவேக்வேர்ல்டு என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார். சர்வரின் பதில் வரும்வரை காத்திராமல், பதில் இப்படித்தான் இருக்கும் என்று கிளையன்டே ஊகித்து ஆளை நகர்த்திவிடும். ஊகம் தவறினால் பிறகு திருத்திக்கொள்ளும். இன்று நீங்கள் போனில் விளையாடும் துப்பாக்கி கேம்கள் வரை இந்த உத்திதான் ஓடுகிறது.

குவேக்கின் சோர்ஸ் கோடையே அந்த நிறுவனம் 1999-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் முப்பது வருடம் ஆகப்போகும் அந்த கேமை இன்றும் புது கம்ப்யூட்டரில் ஆன்லைனில் விளையாட முடிகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமான உதாரணம் கவுண்டர் ஸ்டிரைக். மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு ரசிகர்கள் ஹாஃப் லைஃப் கேமின் மேல் 1999-ல் கட்டிய மாற்றம் அது. வால்வ் நிறுவனம் அதை வாங்கி 2000-ல் தனி கேமாக வெளியிட்டது. 2003-ல் வந்த 1.6 பதிப்புதான் இந்தியா முழுக்க பிரவுசிங் சென்டர்களையும் காலேஜ் ஹாஸ்டல்களையும் பிடித்துக்கொண்டது. உலகம் முழுக்கத் தெரிந்த 'டஸ்ட் 2' மேப்பைக் கூட கம்பெனி ஊழியர் செய்யவில்லை. டேவ் ஜான்ஸ்டன் என்ற ரசிகர் செய்தது.

நான் வளர்ந்தது விருதுநகரில். ஏழாம் வகுப்பு படிக்கும்போது தெருமுனை சென்டரில் எட்டு கம்ப்யூட்டர்கள், மணிக்கு பதினைந்து ரூபாய். இன்டர்நெட் இணைப்பு பெயருக்குத்தான் இருந்தது. ஆனால் கவுண்டர் ஸ்டிரைக்குக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. எட்டையும் இணைத்த லேன் ஒயர் போதும், சர்வர் சென்டர்க்கார அண்ணனின் கம்ப்யூட்டரில் ஓடும். (சிடி ஒரிஜினலா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) கெட்ட வார்த்தை பேசினால் அண்ணன் இருந்த இடத்திலிருந்தே எங்களை வெளியே தள்ளிவிடுவார். ஒருவனே ஜெயித்துக்கொண்டிருந்தால் அவனைத் தூக்கித் தோற்கிற பக்கம் போடுவார். புதிதாக வரும் பையனுக்கு எங்கே ஒளிய வேண்டும் என்று எங்களையே சொல்லித்தரச் சொல்வார்.

அப்போது அது எங்களுக்குச் சாதாரணம். இன்று பெரிய கம்பெனிகள் ரிப்போர்ட் பட்டன், ரேட்டிங் கணக்கு, பேச்சைச் சோதிக்கும் சாஃப்ட்வேர் என்று கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்ய முயல்வதை, அவர் டீ குடித்துக்கொண்டே செய்துகொண்டிருந்தார். எட்டுப் பேரையும் அவருக்குத் தெரியும், எங்கள் அப்பாக்களையும் தெரியும் என்பதுதான் அவருடைய ஆன்டி-சீட் புரோகிராம்!

காலேஜ் ஹாஸ்டலில் இரண்டாம் ஆண்டு முதல் சர்வர் என் லேப்டாப்புக்கு வந்தது. ராத்திரி பத்து மணிக்கு நான் சர்வரைப் போட்டால்தான் மூன்று மாடிக்கும் கேம். 27015 என்ற போர்ட் எண்ணை இன்னும் மறக்கவில்லை. என் பேங்க் அக்கவுன்ட் எண் கூட அப்படி மனப்பாடம் ஆகவில்லை.

பட்டியல் போனாலும் கேம் போகவில்லை

ஊரெல்லாம் பல ஆயிரம் சர்வர்கள் ஓடும்போது எது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு மாஸ்டர் சர்வர் என்று ஒன்று இருக்கும். டெலிபோன் டைரக்டரி போல, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களின் முகவரிகளை அது பட்டியலாகத் தரும். கேம் நடப்பது அங்கே இல்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பது 2014-ல் தெரிந்தது. நூற்றுக்கணக்கான கேம்களுக்குப் பட்டியல் சேவை தந்துவந்த கேம்ஸ்பை, அந்த ஆண்டு மே 31-ம் தேதியோடு மூடப்பட்டது. 2002-ல் வந்த பேட்டில்ஃபீல்டு 1942 போன்றவற்றில் சர்வர் பட்டியல் காலியாகிவிட்டது. ஆனால் சர்வர்கள் ரசிகர்களிடம்தானே இருந்தன? அவர்களே மாற்றுப் பட்டியலை அமைத்து விளையாட்டைத் தொடர்ந்தார்கள். டைரக்டரி கிழிந்தாலும் நம்பர் தெரிந்தால் போன் பேசலாம் அல்லவா?

2004-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ஹேலோ 2 கேமின் கடைசி நாட்கள் இதைவிடச் சுவையானவை. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான ஆன்லைன் சேவை 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த கேமில் சர்வர் வேலையை விளையாடுபவர்களில் ஒருவரின் எக்ஸ்பாக்ஸே செய்யும். எனவே அந்த நேரத்தில் உள்ளே இருந்த சிலர், மெஷினை ஆஃப் செய்யாமல் அப்படியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து, கடைசி ஆள் வெளியேறியது மே மாதத்தில்! வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று தெரிந்தே மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான்.

எப்போது மாறியது?

அதே ஹேலோ 2-தான் மாற்றத்துக்கும் வழி காட்டியது. சர்வர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் திறமைக்கு ஏற்ற ஆட்களை அதுவே தேடிச் சேர்த்துவிடும். இதைத்தான் மேட்ச்மேக்கிங் என்கிறார்கள். செஸ்ஸில் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி கொடுக்க அர்பாட் ஈலோ வகுத்த முறையின் வழித்தோன்றல்கள்தான் இதற்குள் ஓடும் கணக்குகள்.

2009-ல் கால் ஆஃப் டூட்டி வரிசையில் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2, கம்ப்யூட்டர் பதிப்பிலும் ரசிகர்கள் நடத்தும் சர்வர்களை எடுத்துவிட்டு மேட்ச்மேக்கிங் மட்டும் வைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கேம் அதையும் மீறி அமோகமாக விற்றது. மற்ற கம்பெனிகள் எதைக் கவனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு காரணம் பணம். 2013-ல் கவுண்டர் ஸ்டிரைக்கின் அடுத்த தலைமுறையான குளோபல் அஃபென்சிவ் கேமில், துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் 'ஸ்கின்'கள் வந்தன. 2017-ல் வந்த ஃபோர்ட்நைட் பேட்டில் ராயல் கேமை இலவசமாகவே கொடுத்து, உடைக்கும் நடனத்துக்கும் காசு வாங்கியது. சர்வர் உங்கள் கையில் இருந்தால் அந்த உடையை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்வீர்கள். யார் காசு கொடுப்பார்கள்? ஆகவே எல்லோருடைய கணக்கும் எல்லா சர்வரும் கம்பெனியிடமே இருக்க வேண்டியதாயிற்று. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டும்.

புதியவை உண்மையிலேயே மேலான இடங்கள்

பழைய கேம்ஸ் பக்தர்கள் இங்கே கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். நூறு பேர் ஒரே தீவில் இறங்கும் கேமை என் பழைய லேப்டாப்பில் ஓட்ட முடியாது. மும்பையில் சர்வர் வைக்கும் கேமில் எனக்குக் கிடைக்கும் பிங், பள்ளி நாட்களில் கனவிலும் வந்ததில்லை. புதிதாகச் சேருபவர் தன்னைப் போன்ற புதியவர்களோடு விளையாடலாம். பழைய பொது சர்வரில் நுழைந்தால், பத்து வருட அனுபவசாலி ஒருவர் உங்களை ஐந்து வினாடிக்கு ஒரு முறை பரலோகம் அனுப்பிக்கொண்டிருப்பார்.

இன்னும் ஒன்று. என்னைவிட மூன்று வயது மூத்த என் அக்காவுக்கு வீட்டில் வீடியோ கேம் என்றால் உயிர். மாரியோவை என்னைவிட வேகமாக முடிப்பாள். ஆனால் அந்தத் தெருமுனை சென்டருக்குள் அவள் ஒரு நாள் கூட வந்ததில்லை. இருட்டு அறையில் பத்துப் பையன்கள் கத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? சென்டர்க்கார அண்ணனின் நல்ல நிர்வாகம் எங்களுக்கு மட்டுமே கிடைத்தது. இன்று அவள் சமையலை முடித்துவிட்டு ராத்திரி போனில் பிஜிஎம்ஐ ஆடுகிறாள், மைக்கை அணைத்துவிட்டு. மைக் போட்டால் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஆட்டத்தில் எதிரே வருபவர்கள் தினமும் வேறு வேறு ஆட்கள். திட்டிவிட்டுப் போகிறவனை அவள் மறுபடி பார்க்கப்போவதில்லை, அவனுக்கும் அது தெரியும். "அந்தக் காலம்" என்று நான் ஆரம்பித்தால் அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

சுவிட்ச் அவர்கள் கையில்

விலை கொடுக்க வேண்டிய இடம் கேம் மூடப்படும்போதுதான் தெரிகிறது. யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம் 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே மேப்பாக வைத்திருந்தார்கள். தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் இணைப்பு கட்டாயம். 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவருக்கும் அது இனி ஓடாது. சோனி வெளியிட்ட கான்கார்டு என்ற கேமின் கதை இன்னும் சுருக்கம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது ஆறுதல்.

மூடப்படுவதற்குக் கம்பெனி நஷ்டப்பட வேண்டும் என்பதில்லை. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, அக்டோபர் 30-ம் தேதியோடு சர்வர் இணைப்பும் நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்த இந்தியப் பதிப்பு, 2022 ஜூலை முதல் 2023 மே வரை மறுபடி கிடைக்கவில்லை. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது வேறு. ஊரடங்கு மாதங்களில் தினமும் ராத்திரி என் அணியில் ஆடிய ஒருவர் ஜாம்நகரில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். குஜராத்தி கலந்த இந்தி அவருக்கு, தமிழ் கலந்த இங்கிலீஷ் எனக்கு. அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு குறைந்த அன்று அவர் என்னிடம்தான் சொன்னார். கேம் பெயரைத் தவிர அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. புதிய பதிப்புக்குப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள், மாற்றிக்கொண்டேன். நண்பர்கள் பட்டியலில் அவர் பெயர் எதிரே பச்சை விளக்கு எரியவே இல்லை. அவருடைய அப்பா என்ன ஆனார் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

விருதுநகர் சென்டரை மூடி வருடங்கள் ஆகின்றன. ஆனால் அந்த எட்டுப் பேரில் ஆறு பேரின் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன்.

மூடப்பட்டவை திரும்பி வந்ததும் உண்டு. ரூன்ஸ்கேப் கேமை அதன் கம்பெனி மாற்றிக்கொண்டே போனதில் பழைய ஆட்டக்காரர்கள் வெறுத்துப்போனார்கள். பிறகு ஓட்டெடுப்பு நடத்தி, 2007-ம் ஆண்டுப் பதிப்பை 2013-ல் தனி கேமாகத் திறந்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் தன் பழைய வடிவத்தை 2019-ல் கிளாசிக் என்ற பெயரில் தந்தது. 2012-ல் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் கேமை ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் வைத்து நடத்த, 2024-ல் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான லைசென்ஸே கொடுத்துவிட்டது. கம்பெனி மனது வைத்தால் நடக்கும். மனது வைக்காவிட்டால்?

இதைக் கேட்டுத்தான் 2024-ல் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். என்றென்றைக்கும் சர்வர் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களுடைய மனுவில் 2025 ஜூலைக்குள் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டம், டிஜிட்டலாக விற்பது உரிமம்தான், சொந்தப் பொருள் இல்லை என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

வீட்டில் ஒரு சர்வர்

சொந்த சர்வர் வைக்க விடும் கேம்கள் இன்றும் உண்டு. கேம் வாங்குவதற்கு முன் அதன் பக்கத்தில் 'டெடிகேட்டட் சர்வர்' அல்லது 'லேன்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 2021-ல் வந்த வால்ஹைம், 2024-ல் வந்த பால்வேர்ல்டு இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. பழைய கவுண்டர் ஸ்டிரைக் ஸ்டீமில் இப்போதும் விற்பனையில் உள்ளது. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே வைஃபையில் இருந்தால், ஒன்றில் 'நியூ கேம்' கொடுத்து மேப்பைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் 'ஃபைண்டு சர்வர்ஸ்' சென்று 'லேன்' டேபைப் பாருங்கள். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான் மறிக்கும். அதில் இந்த கேமுக்கு அனுமதி கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பைச் சொல்வேன். கேமை வாங்க வேண்டும், சர்வர் ஃபைல் அவர்கள் வெப்சைட்டிலேயே இலவசம். முதல் முறை ஓட்டியதும் நிபந்தனைகளை ஏற்கச் சொல்லி ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல் உருவாகும். அதில் 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று மாற்றி சேவ் செய்து மறுபடி ஓட்டினால் சர்வர் தயார். 'வொயிட் லிஸ்ட்' வசதியை ஆன் செய்துவிட்டால் நீங்கள் பெயர் சேர்த்த பிள்ளைகள் மட்டுமே உள்ளே வர முடியும். போனில் ஓடும் பெட்ராக் பதிப்பு வேறு. இந்த சர்வரில் நேரடியாகச் சேராது.

வெளியூரில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்தான் சிக்கல். இங்கே பல இன்டர்நெட் இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைத் தட்ட முடியாது. ஜீரோடயர், டெயில்ஸ்கேல் போன்ற சாஃப்ட்வேர்களில் ஒன்றை எல்லோரும் இன்ஸ்டால் செய்துகொண்டால், வெவ்வேறு ஊர் கம்ப்யூட்டர்கள் ஒரே லேனில் இருப்பது போல நடந்துகொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு இவற்றின் இலவசத் திட்டமே போதும்.

அக்கா பையனுக்காக என்னுடைய அந்தப் பழைய ஹாஸ்டல் லேப்டாப்பில் இப்படி ஒன்றை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அவனும், அதே அபார்ட்மென்ட்டில் மூன்று பேரும், ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா மகளும் ஞாயிறு மாலையில் சேர்ந்து ஏதோ ரயில் பாதை போடுகிறார்கள். யாராவது சண்டை போட்டால் வொயிட் லிஸ்ட்டில் கை வைக்கும் அதிகாரம் அக்காவிடம். அவர்கள் கட்டியதெல்லாம் சர்வர் இருக்கும் இடத்தில் 'வேர்ல்டு' என்ற ஃபோல்டரில் இருக்கும். மாதம் ஒரு முறை சர்வரை நிறுத்திவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். சர்வர் ஓடும்போதே காப்பி செய்தால் ஃபைல்கள் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.